வீட்டுப் பாடம்: கிராணி ஜன்னலில் நீட்டிய சீட்டு



தோட்டத்துப் பிழைப்பில் மழைக்கும் சம்பளத்துக்கும் உள்ள உறவை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பால்மரம் இருந்த காலத்தில் விடியற்காலையில் மரம் நனைந்துவிட்டால் அன்றைக்கு வெட்டு இல்லை. இப்போது எங்கள் சாஆ வட்டாரத்தில் பார்க்கும் பக்கமெல்லாம் செம்பனை. மழையில் குலை வெட்டுவது ஆபத்தான வேலை. வெட்டிப் போட்டாலும் சேற்றைத் தாண்டி வண்டி உள்ளே வர வேண்டுமே! ஆகவே மாலையானால் பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நிற்பார். "டீச்சரம்மா, நாளைக்கு மழ வருமா?" என்பார். பள்ளிக்கூடத்தில் படித்துக் கொடுக்கிறவள் வானத்தையும் படித்திருப்பாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

சம்பளம் ஒருபுறம் இருக்கட்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் அடுத்தடுத்து இரண்டு முறை வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு 2011 தொடக்கத்தில் வந்தது. 2023 மார்ச்சில் வந்தபோது சிகாமட், பத்து பகாட் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் துயர் துடைப்பு மையங்களில் பாய் விரித்துப் படுத்தார்கள். மழை வருமா என்ற கேள்விக்குள் இதுவும் அடங்கியிருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கணினியைக் கொண்டே கேட்க வைத்தால் என்ன என்று என் அக்காள் மகன் ஒரு பள்ளி விடுமுறையில் ஆரம்பித்தான். நான்காம் படிவம் படிக்கிற பிள்ளை. என்னிடம் கிடந்த பழைய மடிக்கணினியை எடுத்து வைத்துக்கொண்டு, "சின்னம்மா, கவர்மெண்டே பதில் கொடுக்குது, நாம கேக்கத் தெரிஞ்சா போதும்" என்றான். அவன் செய்ததையும், அதில் நாங்கள் இருவரும் பட்ட பாட்டையும்தான் இந்த இதழில் எழுதுகிறேன். வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்தப் பக்கத்தை அதன் கையில் கொடுங்கள்.

முதலில் ஏபிஐ என்ற மூன்றெழுத்து. இந்தச் சொல்லைக் கேட்டதும் மிரண்டுவிட வேண்டாம். தோட்டத்து ஆபீசில் கிராணி உட்காரும் ஜன்னல் உங்களுக்குத் தெரியும். உள்ளே செக்ரோல் இருக்கிறது, சம்பளக் கணக்கு இருக்கிறது, இன்னும் என்னென்னவோ புத்தகங்கள் இருக்கின்றன. நாம் உள்ளே போய் அலமாரியைத் திறக்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே நின்று, கேட்க வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி நீட்டுகிறோம். கிராணி புத்தகத்தைப் பார்த்துப் பதிலை எழுதித் திருப்பித் தருகிறார். சீட்டில் பெயரும் எண்ணும் அவர் கேட்கிற ஒழுங்கில் இருந்தால் பதில் உண்டு. கோணல்மாணலாக இருந்தால் திருப்பி எறிவார். ஏபிஐ என்பது அந்த ஜன்னல். இணையத்தின் மறுமுனையில் இருக்கும் கணினி ஒன்று, "இந்த இடத்தில், இந்த ஒழுங்கில் கேள், சொல்கிறேன்" என்று திறந்து வைத்திருக்கும் ஜன்னல். நாம் எழுதும் நிரல், நமக்காகச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடும் பையன்.

நம் நாட்டில் அப்படி ஒரு ஜன்னலை அரசாங்கமே வைத்திருக்கிறது. அரசின் திறந்த தரவுத் தளத்தின் பெயர் 'டேட்டா புள்ளி கவ் புள்ளி எம்ஒய்'. அதன் ஏபிஐ முகவரி, அந்தப் பெயருக்கு முன்னால் 'ஏபிஐ புள்ளி' என்று சேர்த்தால் வருவது. அச்சில் தமிழெழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். மலேசிய வானிலை ஆய்வுத் துறை தரும் தகவல் அங்கே இருக்கிறது. முகவரிக்குப் பின் 'சாய்கோடு வெதர் சாய்கோடு ஃபோர்காஸ்ட்' என்று போட்டால் 7 நாள் வானிலைக் கணிப்பு. 'ஃபோர்காஸ்ட்' என்பதற்குப் பதில் 'வார்னிங்' என்று போட்டால் எச்சரிக்கை அறிவிப்புகள். காசு கிடையாது, பதிவு கிடையாது. ஒரு நிபந்தனை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இதற்குக் கணினியில் பைதான் என்ற நிரல்மொழி வேண்டும். 1991இல் வெளிவந்தது, இலவசம். அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் கணினியில் நிறுவும்போது 'ஆட் பைதான் டு பாத்' என்ற சிறு கட்டம் தென்பட்டால் அதில் மறக்காமல் குறியிடுங்கள். எங்கள் பையன் அவசரத்தில் அதை விட்டுவிட்டான். பிறகு கறுப்புத் திரையில் 'பைதான்' என்று தட்டினால், அப்படி ஒன்றைத் தெரியாது என்று கணினி கைவிரித்துவிட்டது. பைதான் உள்ளேதான் இருந்தது; எந்த அறையில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அழித்துவிட்டு மறுபடி நிறுவினோம்.

அடுத்தது, சீட்டு கொண்டு ஓடும் வேலைக்கென்றே பிறர் எழுதி வைத்திருக்கும் துணை நிரல். பெயர் ரெக்குவெஸ்ட்ஸ். கறுப்புத் திரையில் 'பிப் இன்ஸ்டால் ரெக்குவெஸ்ட்ஸ்' என்று தட்டினால் தானாக வந்து இறங்கும். இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. நாம் எழுதும் நிரலைச் சேமிக்கும்போது அதற்கும் 'ரெக்குவெஸ்ட்ஸ்' என்றே பெயர் வைத்துவிடக் கூடாது. வைத்தால், துணை நிரலைக் கூப்பிடும்போது நம் நிரல் தன்னையே கூப்பிட்டுக்கொண்டு குழம்பும். ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் வருகைப் பதிவில் வரும் குழப்பம் மாதிரி. எங்களுக்கு இதனால் ஒரு முழு மாலை வீணாயிற்று. பையன் சாப்பிடாமலே படுத்தான். 'மழை' என்று பெயர் மாற்றியதும் ஓடியது.

நிரல் என்று பெரிதாக ஒன்றுமில்லை, நாலைந்து வரிதான். முதல் வரியில் 'இம்போர்ட் ரெக்குவெஸ்ட்ஸ்' என்று துணை நிரலைக் கூப்பிட வேண்டும். இரண்டாம் வரியில் 'ரெக்குவெஸ்ட்ஸ் புள்ளி கெட்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் முகவரியைக் கொடுக்க வேண்டும். வந்த பதிலை ஒரு பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வரியில் 'புள்ளி ஜேசன்' என்று சேர்த்தால் பதில் பிரித்து அடுக்கிய பட்டியலாகக் கிடைக்கும். நான்காவதில் அச்சிடு என்று சொல்ல வேண்டும். இன்றைய பைதானில், நாமாக வைக்கும் பெயர்களைத் தமிழெழுத்திலேயே வைக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியுமா? வந்த பதிலுக்குப் 'பதில்' என்றே பெயர் வைத்தோம். திரையில் ஆங்கிலத்துக்கு நடுவே அந்தச் சொல்லைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

நாடு முழுவதுக்கும் கேட்டால் பதில் மூட்டையாக வந்து விழும். நம் ஊருக்கு மட்டும் கேட்க, முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு, 'கன்டெய்ன்ஸ்' சமக்குறி 'சிகாமட்', பிறகு மின்னஞ்சலில் வருகிற ஆட் குறி, 'லொக்கேஷன்', இரண்டு அடிக்கோடு, 'லொக்கேஷன்', ஓர் அடிக்கோடு, 'நேம்' என்று சேர்க்க வேண்டும். அப்படிக் கேட்டதும், ஒவ்வொரு நாளுக்கும் தேதி, காலை, பிற்பகல், இரவு என்று மூன்று வேளைக் கணிப்பு, குறைந்த வெப்பம், கூடிய வெப்பம் எல்லாம் வரிசையாக வந்தன. கணிப்பு மலாய்மொழியில் இருக்கும். 'தியாடா ஹூஜான்' என்றால் மழை இல்லை. 'ரிபுட் பெத்திர் டி பெபெராப்பா தெம்பாட்' என்றால் சில இடங்களில் இடியுடன் மழை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினோம். "அட, ரேடியோவுல சொல்றதையே எழுதிக் காட்டுதே!" என்றார். அதுவும் சரிதான். ரேடியோவுக்குச் செய்தி கொடுப்பதும் அதே துறைதானே!

இனி அந்த நிபந்தனை. ஜன்னலில் ஒருவரே மாற்றி மாற்றிச் சீட்டு நீட்டினால் மற்றவர்கள் எப்படிக் கேட்பது? ஆகவே இந்த வானிலை ஜன்னலில் ஒரு நிமிடத்துக்கு 4 கேள்விதான் கேட்கலாம். மீறினால் 429 என்ற எண் பதிலாக வரும். 'அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டாய், பொறு' என்று அதற்குப் பொருள். ஜன்னல் தரும் எண்களில் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 200 என்றால் சரி. 404 என்றால் நீ தேடி வந்த இடம் இங்கே இல்லை. 500 என்றால் கோளாறு உள்ளே, உன் பக்கத்தில் இல்லை. எங்கள் பையன் ஆசை மிகுதியால் 10 விநாடிக்கு ஒரு தரம் கேட்கும்படி வைத்துவிட்டான். நிமிடத்துக்கு ஆறு ஆகிறதல்லவா? 429 வந்து நின்றது. வானம் 10 விநாடிக்கு ஒரு தரம் மாறுவதில்லையடா என்று சொல்லி, அரை மணிக்கு ஒரு முறை என்று மாற்ற வைத்தேன்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையைச் சிரித்துக்கொண்டே முடித்திருப்பேன்.

429 வந்தபோது நிரல் பாதியில் அறுந்து, திரை முழுக்கச் சிவப்பெழுத்து வந்தது. பையனுக்கு அது பிடிக்கவில்லை. 'கோளாறு எது வந்தாலும் இந்த வரிக்குப் போ' என்று சொல்ல பைதானில் 'டிரை', 'எக்செப்ட்' என்று இரண்டு சொல் உண்டு. அதைப் போட்டான். சிவப்பெழுத்து போய்விட்டது. கோளாறு வந்தால் போக வேண்டிய வரியில் அவன் என்ன எழுதியிருந்தான் தெரியுமா? 'எச்சரிக்கை இல்லை' என்று எழுதியிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திரை சுத்தமாக இருக்கிறதே என்று மகிழ்ந்தேனே தவிர, அந்த வரியை நான் யோசிக்கவில்லை. நாற்பது பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிறவளுக்கு இது கண்ணில் படவில்லை.

விடுமுறை முடிந்து பையன் ஊருக்குப் போய்விட்டான். கணினி என் வீட்டு மேசையில் அரை மணிக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டிருந்தது. ஆண்டு இறுதி மழைக்காலம். ஒரு நாள் மாலை வானம் கறுத்துக் கிடந்தது. அக்கா வேலியோரம் வந்தார். நான் திரையைப் பார்த்தேன். 'எச்சரிக்கை இல்லை'. "ஒண்ணும் இல்லக்கா, நிம்மதியா தூங்குங்க" என்றேன்.

இரவு பத்து மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓடும் பெரிய கால்வாய் நிரம்பி, விடியற்காலை மூன்று மணிக்கு அக்கா வீட்டு அடுப்படிக்குள் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வீடு சற்று மேட்டில் இருப்பதால் படியோடு நின்றது. அக்காவுக்கு அரிசி மூட்டை போயிற்று. கூட்டோடு பதினோரு கோழி போயிற்று. பின்கட்டில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் இயந்திரத்துக்குள் சேறு புகுந்து, அண்ணன் மூன்று நாள் வேலைக்குப் போக முடியவில்லை. சின்னப் பெண்ணின் பள்ளிப் பை தரையில் இருந்திருக்கிறது. அவள் என் வகுப்புப் பிள்ளை. உயிருக்கு ஒன்றும் இல்லை. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காலையில் கணினியைத் திறந்து பார்த்தேன். அப்போதும் அது 'எச்சரிக்கை இல்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது, வாசலில் தண்ணீர் நிற்கும்போது! கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தால் அதில் இணையமே இல்லை. அந்தத் தொலைபேசியின் டேட்டாவைத்தான் கணினிக்கும் கொடுத்திருந்தேன். பிரிபெய்ட் கார்டில் இருந்த டேட்டா இரண்டு நாளுக்கு முன்பே தீர்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த பிள்ளைகள் படம் பார்த்ததில் போயிருக்க வேண்டும். சீட்டு கொண்டு போன பையன் ஆபீஸ் வரைக்கும் போகவே இல்லை. பாதி வழியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, 'கிராணி ஒன்றும் இல்லை என்றார்' என்று இரண்டு நாளாகச் சொல்லியிருக்கிறான். முதல் நாள் பிற்பகலே துறையின் தொடர்மழை எச்சரிக்கை வந்திருந்தது என்பதை, டாப் அப் போட்ட பிறகு படித்தேன்.

அந்தச் சனிக்கிழமை பையனை பஸ் ஏறி வரச் சொன்னேன். திட்டுவதற்கல்ல, பாதிப் பழி எனக்கும் உண்டு. இரண்டு பேரும் உட்கார்ந்து, நிரல் எந்தெந்த விதத்தில் பொய் சொல்லக்கூடும் என்று தேடினோம். தேடத் தேட வந்துகொண்டே இருந்தது.

ரெக்குவெஸ்ட்ஸ் நிரலுக்கு நாமாகச் சொல்லாவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்றே தெரியாது. மறுமுனை பேசாமல் இருந்தால் இதுவும் விடிய விடிய நிற்கும். அடைப்புக்குறிக்குள் 'டைம்அவுட் சமக்குறி 20' என்று போட்டோம். 20 விநாடியில் பதில் வராவிட்டால் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளும். அடுத்தது, மறுமுனை 429 அல்லது 500 என்று சொன்னாலும் ரெக்குவெஸ்ட்ஸ் தானாகக் கூச்சல் போடாது. 'ரெய்ஸ் ஃபார் ஸ்டேட்டஸ்' என்று ஒரு வரி சேர்த்தால்தான் அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ளும். சேர்த்தோம்.

இன்னொன்று எனக்கு வியப்பாகவே இருந்தது. கணிப்பைக் கேட்கும்போது 'சிகாமட்' என்பதில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே தப்பாகத் தட்டிப் பார்த்தோம். ஜன்னல் கோபித்துக்கொள்ளவில்லை. 200, அதாவது சரி, என்று சொல்லி வெறும் பட்டியலைத் திருப்பித் தந்தது. அந்தப் பெயரில் ஊர் இல்லை, ஆகவே பதிலும் இல்லை; அதன் கணக்கில் அது சரிதான்! நம் நிரல் அந்த வெறும் பட்டியலில் மழையைத் தேடி, காணோம் என்று சொல்லிவிடும். ஆகவே பட்டியல் வெறுமையாக வந்தால் அதையும் கோளாறு வரிக்கே அனுப்பினோம். எச்சரிக்கைப் பட்டியலுக்கு வேறு கவனம் வேண்டும். அறிவிப்பில் சில நேரம் மாவட்டத்தின் பெயர் இருக்கும், சில நேரம் ஜொகூர் என்று மாநிலத்தின் பெயர் மட்டுமே இருக்கும். முன்பு சிகாமட்டை மட்டும் தேடினோம். இப்போது இரண்டையும் தேடுகிறது. தொலைவில் எங்கோ பெய்கிற மழைக்கும் சில நாள் எங்களை எழுப்பிவிடுகிறது. பரவாயில்லை.

கோளாறு வரியில் இருந்த 'எச்சரிக்கை இல்லை' என்பதைப் பையனே அழித்தான். அதில் என்ன எழுதுவது என்று கேட்டான். "உனக்குத் தெரியாதுன்னா என்னான்னு சொல்லுவே?" என்று கேட்டேன். "தெரியாதுன்னு சொல்லுவேன்." "அதையே எழுது."

எழுதி முடித்ததும் கைத்தொலைபேசியின் டேட்டாவை நானே அணைத்துவிட்டு நிரலை ஓடவிட்டேன். 'பதில் வரவில்லை. மழை பற்றி எனக்குத் தெரியாது' என்று வந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை இது, ஒரு நிமிட வேலை. கணினியே அணைந்து கிடந்தால் அது எதையும் சொல்லாது என்பதால், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கேட்ட நேரத்தையும் அச்சிட வைத்தோம். மணி ஏழாகியும் திரையில் கடைசி வரி ஐந்தரை என்றால் அதை நம்ப மாட்டேன்.

ஒன்றை மட்டும் தாய்மார்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன். இந்த ஜன்னல் வானத்தைப் பற்றியது. உங்கள் வீட்டுக் கால்வாயை அது பார்க்காது. ஆற்று மட்டத்துக்கு நீர்ப்பாசன வடிகால் துறையின் இன்ஃபோ பஞ்சிர் தளம் இருக்கிறது. அதில் வழக்க நிலைக்கு மேல் வஸ்பாடா, அமாரான், பஹாயா என்று படிப்படியாகக் காட்டுவார்கள். கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம், நிரல் எழுத வேண்டியதில்லை. கால்வாயில் ஏறுகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தால் எந்தத் தளத்துக்கும் காத்திருக்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போங்கள்.

போன வாரம் ஒரு மாலை. மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது, தொலைபேசியில் இணையக் கோடு ஒன்றுகூட இல்லை. அக்கா வேலியோரம் வந்தார்.

"டீச்சரம்மா, உங்க பொட்டி என்னா சொல்லுது?"

"தெரியாதுன்னு சொல்லுதுக்கா."

"தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு மிஷினா!" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் அரிசி மூட்டையை மேசைமேல் தூக்கி வைக்கச் சொல்லி அண்ணனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.